கூறைக்கு என்ன நிறம்

"சிவப்புக் கூறை எண்டால் நான் பந்தலுக்குள்ளை கால் வைக்கமாட்டன்" என்றார் கதிரவேலு.

தம்பி பஞ்சலிங்கம் கையிலிருந்த தேத்தண்ணிக் கோப்பையை மெல்லக் கீழே வைத்தார். மகள் அருந்ததியின் கலியாணத்துக்கு இன்னும் இரண்டு கிழமைதான் இருந்தது. கன்னிக்கால் நாட்டியாயிற்று. ஊரெல்லாம் சொல்லியாயிற்று.

"அண்ணை, பொம்பிளையின்ரை கூறைச் சீலை எண்டால் ஆதியிலையிருந்து சிவப்புத்தானே?"

"ஆதியிலை எலெக்சன் இருந்ததோ?"

பஞ்சலிங்கம் கோப்பையை மறுபடி கையில் எடுத்தார்.

"முப்பது வரியம் கோச்சி விட்டவன் நான்" என்றார் கதிரவேலு. அவர் ஓய்வுபெற்ற ரயில்வே ஸ்ரேசன் மாஸ்ரர். "சிவப்பு எண்டால் நில். பச்சை எண்டால் போ. இந்த நாடு நிக்கவேணுமோ, போகவேணுமோ? முதலிலை அதைச் சொல்லு."

"நான் அரசாங்க உத்தியோகத்தன், அண்ணை. அதைப்பற்றி நான் கதைக்கப்படாது."

"கதைக்காதை. கூறையை மாத்து" என்று சொல்லிவிட்டுக் கதிரவேலு பச்சைக் கரைச் சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு புறப்பட்டார்.

இலங்கை அரசாங்க சபைக்குத் தேர்தல் வந்திருந்தது. வாசிக்கத் தெரியாதவர்களும் வாக்குப் போட வேண்டும் என்பதற்காக அந்தக் காலத்தில் ஒவ்வொரு அபேட்சகருக்கும் ஒரு நிறம் கொடுத்திருந்தார்கள். மறைப்புக்குள் அந்தந்த நிறத்தில் பெட்டிகள் இருக்கும். உள்ளே தனியாகப் போய், விரும்பியவருடைய பெட்டியில் சீட்டைப் போட்டுவிட்டு வர வேண்டியதுதான். கோட்டில் வழக்குப் பேசுகிற அப்புக்காத்து ஒருவருக்குச் சிவப்பு கிடைத்தது. டாக்குத்தர் ஒருவருக்குப் பச்சை கிடைத்தது. அப்புக்காத்தர் றோட்டுப் போடுவேன் என்றார், கிணறு வெட்டுவேன் என்றார், புகையிலைக்கு நல்ல விலை வாங்கித் தருவேன் என்றார். டாக்குத்தர் கிணற்றை முதலில் சொன்னார். வேறு வித்தியாசம் ஒன்றும் தெரியாதபடியால் இணுவில் சனம் நிறத்தைப் பிடித்துக்கொண்டது. சிவப்புக்காரர் முருங்கைக்காய் வாங்கவில்லை. பச்சைக்காரர் பழுத்த மிளகாயைக் கறியில் சேர்க்கவில்லை. வெற்றிலை விஷயத்தில் மட்டும் இரண்டு பகுதியும் குழம்பிப் போயிருந்தது. வாங்கும்போது அது பச்சை, துப்பும்போது சிவப்பு.

பஞ்சலிங்கம் அரசாங்கக் காரியாலயமான யாழ்ப்பாணம் கச்சேரியில் கிளாக்கர். எந்தச் சண்டைக்கும் நடுவில் ஒரு வழி உண்டு என்பது அவருடைய நம்பிக்கை. எல்லைத் தகராற்றோடு கச்சேரிக்கு வருகிறவர்களை ஆளுக்கொரு சோடா வாங்கிக் கொடுத்தே சமாதானமாக்கி அனுப்பியிருக்கிறார். அண்ணனையும் அப்படிச் சரிக்கட்டலாம் என்று நினைத்துக்கொண்டு அவர் மனைவியின் தமையன் ஏரம்புவிடம் போனார்.

ஏரம்பு புகையிலை வியாபாரி. கொம்பு மீசை. அப்புக்காத்தருக்காக அந்தப் பகுதியில் வீடு வீடாய் ஏறி இறங்கியவர் அவர்தான். தோளில் எப்போதும் ஒரு சிவப்புச் சால்வை கிடக்கும்.

"மச்சான், கூறை வேறை நிறமாய் இருந்தால் என்ன எண்டு ஒரு யோசினை..."

"ஆற்றை யோசினை?"

"பொதுவாய்..."

"பொதுவாய் எண்டு ஊரிலை ஒரு மனிசனும் இல்லை. உம்மடை தமையன்ரை யோசினை எண்டு சொல்லும்."

பஞ்சலிங்கம் சால்வையால் முகத்தைத் துடைத்தார்.

"மனிசன்ரை உடம்பிலை ஓடுற ரத்தம் என்ன நிறம்?"

"சிவப்பு."

"பச்சையில்லையே?"

"இல்லை மச்சான்."

"பேந்தென்ன? கூறை சிவப்பாய் இல்லாட்டி, மருமோளைக் கைபிடிச்சு மணவறைக்குக் கூட்டிவர வேறை தாய்மாமனைத் தேடும்."

ஏரம்புவின் மனைவி பராசக்தி ஒரு செம்பில் மோர் கொண்டுவந்து வைத்தாள். பஞ்சலிங்கத்தை ஒரு தரம் பார்த்துவிட்டு உள்ளே போனாள். அந்த வீட்டில் அவள் பேசி யாரும் கேட்டதில்லை.

வீட்டுக்கு வந்து மனைவி செல்வநாயகியிடம் நடந்ததைச் சொன்னார்.

"இரண்டு பேரும் வராட்டி என்ன செய்யிறது?" என்று அவள் கேட்டாள்.

"வரத்தான் வேணும். நாகமுத்தர் சொன்னதை மறந்திட்டியோ?"

அரியாலை நாகமுத்தர்தான் சம்பந்தி. அவருடைய மகன் சீவரத்தினம் மலாயாவில் நிலஅளவை உத்தியோகம். லீவு முடிவதற்குள் தாலி கட்டிப் பெண்ணோடு கப்பல் ஏறவேண்டும். பேச்சு நிச்சயமான அன்று நாகமுத்தர் ஒரே ஒரு நிபந்தனைதான் வைத்தார். சீதனம் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. "எனக்குச் சபை நிறையவேணும். பொம்பிளையின்ரை பெரியப்பனும் தாய்மாமனும் இல்லாத பந்தலிலை என்ரை மோன் தாலி கட்டான். சொந்தத்துக்குள்ளை பிரிஞ்சு நிக்கிற வீட்டிலை நாங்கள் செம்பெடுத்துச் சம்பந்தம் வைக்கமாட்டம்."

பஞ்சலிங்கம் முற்றத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். திடீரென்று நின்றார்.

"மஞ்சள்" என்றார்.

"என்ன மஞ்சள்?"

"மஞ்சள் கூறை. மஞ்சள் சோடனை. எல்லாம் மஞ்சள். மஞ்சளை ஆர் வேண்டாமெண்ணுறது? மங்களமெல்லோ!"

கூறை எடுப்பது மாப்பிள்ளை வீட்டார் என்பதால் அடுத்த நாளே அரியாலைக்குப் போனார். நாகமுத்தர் சாய்மனைக் கதிரையில் இருந்தபடி கேட்டார். "கூறை எடுத்தாச்சே. நல்ல அரக்குச் சிவப்பு."

"மஞ்சளாய் மாத்தினால் புதினமாய் இருக்கும்."

"புதினம் வேணுமெண்டு கலியாணத்திலை ஆர் கேட்டது?"

"பெட்டைக்கு ஆசை" என்று பஞ்சலிங்கம் ஒரு பொய் சொன்னார். நாகமுத்தருக்குப் பெண்பிள்ளைகள் இல்லை. பெண்பிள்ளைகள் இப்படித்தான் ஆசைப்படுவார்களாக்கும் என்று எண்ணிச் சம்மதித்தார்.

பந்தலுக்கு மஞ்சள் துணி கட்டியாயிற்று. வாசல் படலைக்கு மஞ்சள் கொடி, குத்துவிளக்கைச் சுற்றி மஞ்சள் பூமாலை. கதிரவேலு வந்து ஒவ்வொரு மூலையாய்ப் பார்த்தார். சிவப்பு ஒன்றும் அகப்படவில்லை. "ம்" என்றார். ஏரம்பு வந்து பார்த்தார். பச்சை இல்லை என்பதை உறுதிப்படுத்திக்கொண்டு அவரும் "ம்" என்றார். அந்த இரண்டு ம்களையும் கேட்ட பஞ்சலிங்கம் அன்று வயிறாரச் சாப்பிட்டார்.

அடுத்த நாள் காலையில் ஒரு மோட்டார்க் கார் வந்து படலையடியில் நின்றது. கோட்டில் மஞ்சள் பூக் குத்திய ஒரு மனிதர் இறங்கி ஓடிவந்து பஞ்சலிங்கத்தின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"ஐயா, உங்களை எப்பிடி மறக்கிறது! இந்தத் தொகுதி முழுக்க எங்கடை ஆளுக்குப் பந்தல் போட்டது நீங்கள் ஒருத்தர்தான்."

"எந்த ஆள்?"

"மூண்டாவது அபேட்சகர்."

"மூண்டாவது ஒருத்தர் நிக்கிறாரோ?"

"நிக்கிறார். கொழும்பிலை நிக்கிறார். மஞ்சள் பெட்டி" என்றார் வந்தவர். படலையில் நன்றாய்த் தெரியும்படி ஒரு விளம்பரத்தை ஒட்டினார். "மஞ்சளுக்கே ஜே!" என்று ஒரு தரம் கத்திவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டார். எதிர் வீட்டு வேலிக்கு மேலால் நாலைந்து தலைகள் தெரிந்தன.

மறுநாள் கச்சேரியில் தலைமைக் கிளாக்கர் கிருபைரட்ணம் பஞ்சலிங்கத்தைக் கூப்பிட்டனுப்பினார். அவர் மிசன் பள்ளிக்கூடத்தில் படித்தவர், சத்தம் போட்டுப் பேசாதவர்.

"பஞ்சலிங்கம், உம்மிலை ஒரு முறைப்பாடு. அரசாங்க வேலையிலை இருந்துகொண்டு மஞ்சள் பெட்டிக்கு வேலை செய்யிறீராம்."

"ஐயோ, இல்லை! ஆர் சொன்னது?"

"இரண்டு பேர் நேரிலை வந்து சொல்லிப்போட்டுப் போனவை. ஒருத்தர் உம்மடை தமையனாம். மற்றவர் உம்மடை மச்சானாம்."

"தனித்தனியாய் வந்தவையோ?"

"இல்லை. ஒரு வண்டிலிலை வந்து இறங்கினவை. சுவரோடை கிடக்கிற அந்த மர வாங்கிலை பக்கத்திலை பக்கத்திலை இருந்தவை."

பஞ்சலிங்கம் அந்த வாங்கைத் திரும்பிப் பார்த்தார். தன் உத்தியோகத்துக்கு ஆபத்து வந்திருக்கிறது என்பது அவருக்கு உடனே உறைக்கவில்லை. "ஒரே வாங்கிலையோ?" என்று கேட்டார். அவர் முகத்தில் சந்தோஷம் இருந்ததைக் கண்ட கிருபைரட்ணம் மனிதருக்குச் சுகமில்லையோ என்று நினைத்தார்.

"இண்டைக்குப் பொழுதுபடமுந்தி மஞ்சளெல்லாம் இறங்கவேணும். இல்லாட்டி நான் மேலை அறிவிக்க வேண்டி வரும். உம்மடை பென்சனை யோசியும்."

மஞ்சள் இறங்கியது. ஒரே வாங்கில் இருந்த ஒற்றுமையும் அதனோடு இறங்கியது. மஞ்சள் போய்விட்டது என்று தெரிந்த மறு நிமிடம் கதிரவேலுவும் ஏரம்புவும் பழையபடி ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காமல் போனார்கள்.

பஞ்சலிங்கம் இரண்டு வீட்டுக்கும் மாறி மாறி நடந்து கடைசியில் ஓர் உடன்படிக்கை செய்தார். பந்தலின் வடக்குப் பக்கம் சிவப்பு, தெற்குப் பக்கம் பச்சை. வடக்கில் ஒரு படலை, தெற்கில் ஒரு படலை. வடக்குப் படலையில் ஏரம்பு நின்று வரவேற்பார். தெற்குப் படலையில் கதிரவேலு. சாப்பாட்டுக்கு ஒரு பக்கம் வாழை இலை, மறு பக்கம் பனையோலைத் தட்டுவம். சிவப்புக்காரர் பச்சை இலையில் சாப்பிடமாட்டார்கள். இனிக் கூறைதான் மிச்சம்.

"சிவப்புக் கூறை. ஆனால் பச்சைக் கரை" என்றார் பஞ்சலிங்கம் அண்ணனிடம்.

"கரை எவ்வளவு அகலம்?"

"நாலு விரல் வரும்."

"சீலை முழுக்கச் சிவப்பு, எங்களுக்கு நாலு விரல். உதுதான் உன்ரை நடுநிலைமையோ?"

ஆறு விரல் என்று ஒருவழியாய் முடிந்தது. அதைச் சொல்லப் பஞ்சலிங்கம் மறுபடி அரியாலைக்குப் போனார்.

நாகமுத்தர் முழுவதையும் கேட்டார். பிறகு சாய்மனைக் கதிரையிலிருந்து எழும்பினார். "இஞ்சை பாரும். நான் மோனுக்குப் பொம்பிளை எடுக்கிறனோ, சாயத்தொட்டி எடுக்கிறனோ? முதல் எடுத்த சிவப்புத்தான் வரும். சபை நிறைஞ்சிருந்தால் தாலி கட்டுவம். இல்லாட்டி வந்த வண்டிலிலையே திரும்புவம்."

இதை அண்ணனிடம் சொல்லப் பஞ்சலிங்கத்துக்குத் துணிவு வரவில்லை. கலியாண நாள் வந்துவிட்டது.

வடக்குப் படலையில் ஏரம்பு மீசையை முறுக்கியபடி நின்றார். தெற்குப் படலையில் கதிரவேலு, கோச்சி வருகிறதா என்று பார்ப்பவரைப்போலக் கழுத்தை நீட்டியபடி நின்றார். பந்தலுக்குள் மேளகாரர் இருந்தார்கள், ஐயர் இருந்தார், இரண்டு கட்சியிலும் பெயர்போன பத்துப் பதினைந்து பேர் இருந்தார்கள். வேறு ஒருவரையும் காணவில்லை.

"சனம் எங்கை?" என்று பஞ்சலிங்கம் பதறினார்.

"றோட்டிலை" என்றாள் செல்வநாயகி.

அவர் ஓடிப்போய்ப் பார்த்தார். உண்மைதான். பட்டுச் சேலைகளும் சரிகைச் சால்வைகளுமாய் ஊர் முழுதும் றோட்டில் நின்றது. ஒருவரும் உள்ளே வருவதாய் இல்லை.

"வாருங்கோவன், ஏன் வெய்யிலுக்கை நிக்கிறியள்?"

"எந்தப் படலையாலை வாறது?" என்றார் ஒரு கிழவர். "வடக்காலை வந்தால் சிவப்பெண்டுவினம். தெற்காலை வந்தால் பச்சையெண்டுவினம். எனக்கு ஒரு பக்கம் நெல்லு அரைக்கிற ஆள் சிவப்பு, மற்றப் பக்கம் மருந்து தாற பரியாரி பச்சை. நான் இப்பிடியே நிண்டு வாழ்த்திப்போட்டுப் போறன்."

"ஓமோம்" என்றது றோட்டில் நின்ற சனம். வாழ்நாள் முழுதும் பஞ்சலிங்கம் தேடிய நடுநிலைமைக்காரர்கள் இத்தனை பேரையும் அவர் ஒரே இடத்தில் கண்டது அன்றுதான். அவர்களைக் கொண்டு என்ன செய்வதென்றுதான் தெரியவில்லை.

அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளை வீட்டார் வந்து சேர்ந்தார்கள். நாகமுத்தர் இறங்கி, வெறுமையாய்க் கிடந்த பந்தலைப் பார்த்தார்.

"இதுவோ சபை?" என்றார்.

"மாப்பிள்ளை இந்தப் பக்கம்!" என்று வடக்கிலிருந்து ஏரம்பு கத்தினார்.

"மாப்பிள்ளை இஞ்சாலை!" என்று தெற்கிலிருந்து கதிரவேலு கத்தினார். இருவரும் தங்கள் தங்கள் படலையை விட்டு அசையவில்லை. விட்டால் மற்றப் பக்கத்தான் பிடித்துவிடுவான்.

மாப்பிள்ளை சீவரத்தினம் தலைப்பாகையோடு நடு றோட்டில் நின்றான். மலாயாவில் காடு காடாய் அளந்தவனுக்கு இந்த இரண்டு படலைக்கும் நடுவில் எந்தப் பக்கம் அடி வைப்பது என்று தெரியவில்லை. நாகமுத்தர் வண்டில்காரனைப் பார்த்துக் கையைத் தூக்கினார், திருப்பு என்பதுபோல. பஞ்சலிங்கம் ஓடிப்போய் வண்டிலுக்கு முன்னால் நின்றார். பென்சன் போனாலும் பரவாயில்லை, இந்தப் பிள்ளையின் வாழ்வு போகப்போகிறதே என்றுதான் அவர் நினைத்தார்.

வேலிக்கு உட்புறத்தில் படபடவென்று ஒரு சத்தம் கேட்டது. இரண்டு படலைக்கும் சரி நடுவில், வேலியில் கட்டியிருந்த தென்னோலைக் கிடுகு ஒன்று பிய்ந்து விழுந்தது. பிறகு இன்னொன்று. ஆள் நுழையுமளவு ஓட்டையாய் வேலியில் ஒரு பொட்டு விழுந்து, அதற்குள்ளால் ஒரு முகம் எட்டிப் பார்த்தது. நெற்றிச்சுட்டியும் தோடுமாய்க் கலியாணப் பெண் அருந்ததிதான். கையில் தேங்காய் வெட்டுகிற கத்தி இருந்தது.

"ஐயா, அவையை இதாலை வரச் சொல்லுங்கோ" என்றாள்.



நாகமுத்தர் வேலிப் பொட்டைப் பார்த்தார். கத்தியைப் பார்த்தார். பெண்ணைப் பார்த்தார். "கெட்டிக்காரி" என்றார். "குனி மோனை."

மாப்பிள்ளை தலைப்பாகையைக் கையால் பிடித்துக்கொண்டு குனிந்து பொட்டுக்குள்ளால் நுழைந்தான். அவன் பின்னால் நாகமுத்தர் நுழைந்தார். அவர் பின்னால் தட்டம் தூக்கிய பெண்கள். அதற்குப் பிறகு றோட்டில் நின்ற சனமெல்லாம் முண்டியடித்துக்கொண்டு நுழைந்தது. சரிகைச் சால்வைகள் கிடுகில் மாட்டிக் கிழிந்தன. ஒருவரும் பொருட்படுத்தவில்லை. பந்தல் நிறைந்து வழிந்தது. ஆட்கள் கூடிய நெரிசலில் வடக்கு எது, தெற்கு எது என்று யாருக்கும் தெரியாமல் போயிற்று.

ஏரம்புவும் கதிரவேலுவும் மற்றவன் படலையை விடட்டும் என்று கடைசிவரை காத்து நின்றார்கள். கெட்டிமேளம் கேட்டுத்தான் இருவரும் ஓடிவந்தார்கள். கூட்டத்தை இடித்துக்கொண்டு மணவறைக்குக் கிட்ட வருவதற்குள் தாலி ஏறிவிட்டது. இருவரும் மூச்சிரைக்க அறுகரிசி தூவினார்கள். கதிரவேலுவின் கண் கலங்கியிருந்தது. கூறை என்ன நிறம் என்று பார்க்க அவருக்குத் தோன்றவில்லை.

அதற்கு அடுத்த கிழமை வாக்குப் பதிவு. பள்ளிக்கூடத்தில் நீள வரிசை. பஞ்சலிங்கம் போனபோது அவருக்கு முன்னால் ஏரம்புவும் பராசக்தியும் நின்றார்கள். தன் முறை வந்ததும் ஏரம்பு ஒதுங்கிக்கொண்டு, "நீ போ முன்னுக்கு" என்று பராசக்தியை உள்ளே விட்டார். பெண்களுக்கு இவ்வளவு மரியாதை கொடுக்கிறாரே என்று பஞ்சலிங்கத்துக்கு ஆச்சரியமாய் இருந்தது. வெளியே வந்த பராசக்தி புருஷனைக் கடந்து போகும்போது சேலைத் தலைப்பைச் சரிசெய்தபடி ஏதோ முணுமுணுத்தாள். ஏரம்பு நிமிர்ந்த நெஞ்சோடு உள்ளே போய் வந்தார்.

பஞ்சலிங்கம் மறைப்புக்குள் கொஞ்ச நேரம் நின்றார். இடப்பக்கம் சிவப்புப் பெட்டி, வலப்பக்கம் பச்சைப் பெட்டி. நடுவில் மஞ்சள். அவர் மஞ்சளில் போட்டார். அது நடுவில் இருந்தது என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை.

டாக்குத்தர் வென்றார், சொற்ப வாக்கில்தான். கதிரவேலு வெடி கொளுத்தினார். ஏரம்பு அறைக்குள் போய்ப் படுத்துவிட்டார். எழும்பியதும், "எங்கடை ஆக்களுக்குள்ளை ஒரு துரோகி இருக்கிறான், அவனைக் கண்டுபிடிக்காமல் விடமாட்டன்" என்று சொல்லித் திரிந்தார். அவருடைய சந்தேகம் முழுதும் பஞ்சலிங்கத்தின்மேல்தான் விழுந்தது.

புதுமணத் தம்பதி கப்பலேறப் புறப்பட்ட அன்று பராசக்தி பலகாரப் பெட்டியோடு வந்தாள். ஏரம்பு வரவில்லை. வழியனுப்பிவிட்டுத் திரும்பியபோது பஞ்சலிங்கம் அவளை நிறுத்தினார்.

"அக்கா, நான் பச்சைக்குப் போடேல்லை. சாமி சத்தியம். மச்சானுக்கு நீங்கள்தான் சொல்லவேணும்."

"எனக்குத் தெரியும் தம்பி. நீர் பயப்பிடாதையும். அவர் தேடித் தேடிக் களைச்சுப்போய் விட்டிடுவார்."

"எண்டாலும் அண்டைக்கு அவர் உங்களை முன்னுக்கு விட்டதை நினைச்சால் எனக்கு இப்பவும் புதினமாய்த்தான் கிடக்கு."

பராசக்தி சுற்றுமுற்றும் பார்த்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள். அவள் ஒரே மூச்சில் இவ்வளவு பேசிப் பஞ்சலிங்கம் கேட்டதில்லை.

"ஒருத்தருக்கும் சொல்லாதையும். அவருக்குப் பிறவியிலையிருந்து சிவப்பும் பச்சையும் பிரிச்சுத் தெரியாது. இரண்டும் அவருக்கு ஒரே மண்நிறம்தான். சால்வை நான்தான் எடுத்துக் குடுக்கிறனான். பெட்டியும் நான் முன்னுக்குப் போய்ப் பாத்துக்கொண்டு வந்து, இடமோ வலமோ எண்டு காதுக்குள்ளை சொல்லவேணும்."

"நீங்கள் என்ன சொன்னியள்?"

"வலம் எண்டு சொன்னன்."

பஞ்சலிங்கம் கண்ணை மூடி அந்த மறைப்பை ஒருதரம் நினைத்துப் பார்த்தார்.

"அக்கா... வலப்பக்கம் இருந்தது பச்சையெல்லோ?"

"ஓம் தம்பி" என்றாள் பராசக்தி. "எங்கடை வீட்டிலை இரண்டு வோட்டும் பச்சைதான். அவருக்கு மட்டும் அது தெரியாது."